பிரான்சு நாட்டுச் சிற்றூர்ச் சாலைகளும் மிதிவண்டிப் பயணமும்

பிரான்சு நாடு என்றதும் நம் மாணவர் பலருக்குப் பாரிசு நகரத்து ஐபெல் கோபுரம் நினைவுக்கு வரும். மிதிவண்டியில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கோ, ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் நடைபெறும் 'டூர் டி பிரான்சு' என்னும் நெடும்பந்தயம் நினைவுக்கு வரும். 1903ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாளின் முயற்சியால் தொடங்கப்பெற்ற அப்பந்தயத்தை இன்று பல நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் காண்கின்றனர். பந்தயம் கடந்து செல்லும் நாளில் சாலையை அடைத்துவிடுவர்; இருமருங்கும் மக்கள் திரண்டு நின்று ஆர்ப்பரிப்பர்.

நாம் இங்கு எழுதப் புகுவது அந்த ஆரவாரத்தைப் பற்றியன்று. அதே நாட்டில், நெடுநேரம் மிதித்தாலும் ஓரிரு வண்டிகளுக்கு மேல் எதிர்ப்படாத சிறுசாலைகள் எண்ணற்றவை உள்ளன. கோதுமை வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஊடே, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வளைந்து வளைந்து செல்லும் சாலைகள் அவை. வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் அச்சாலைகளைத் தேடிச் சென்று மிதிவண்டியில் பயணம் செய்கின்றனர். இத்தகைய அமைதியான சாலைகள் அந்நாட்டில் எவ்வாறு உண்டாயின? அவை தாமாக அமைந்தனவா, மனிதர் அமைத்தனவா? அவற்றை எவ்வாறு கண்டுபிடிப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் பிள்ளைகளும், அவர்களை வழியனுப்பும் பெற்றோரும் இதில் அறிந்துகொள்ளத் தக்கவை சில உண்டு என நம்புகிறோம்.

சாலைகளின் கணக்கு

பிரான்சில் உள்ள சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 இலட்சம் கிலோமீட்டராகும். இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, விரைவுச் சாலைகள். இவற்றில் மிதிவண்டி செல்லக் கூடாது. இரண்டாவது, தேசியச் சாலைகள். இவை பெருநகரங்களை இணைப்பவை; லாரிகளும் கார்களும் மிகுந்தவை. இவ்விரு வகையும் சேர்ந்து மொத்த நீளத்தில் இரண்டு விழுக்காட்டளவே இருக்கும். ஆனால் நாட்டின் வண்டிப் போக்குவரத்தில் தம் நீளத்தின் பங்கைவிட மிகக் கூடுதலான பங்கை இவை தாங்குகின்றன.

மூன்றாவது, மாவட்டச் சாலைகள். ஐரோப்பியப் பகுதியில் அமைந்த பிரான்சு 96 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அம்மாவட்டங்களின் பொறுப்பில் இருப்பவை ஏறத்தாழ 3,80,000 கிலோமீட்டர். அவற்றின் எண்ணுக்கு முன் 'டி' என்னும் எழுத்து இருக்கும். நான்காவது, ஊராட்சிச் சாலைகள். இவை ஏறத்தாழ 7,00,000 கிலோமீட்டர் நீளமுடையவை. மிதிவண்டிக்காரரின் செல்வம் இந்த மூன்றாவது, நான்காவது வகைகளில்தான் இருக்கிறது.

இந்நாட்டில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரும் ஒரு மன்றமும் உண்டு. நாட்டின் பரப்பை ஊராட்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக 15 அல்லது 16 சதுர கிலோமீட்டர் வருகிறது. கணக்கில் தேர்ந்த மாணவர் உடனே ஒன்றைக் கூறுவர்: அவ்வாறாயின் ஊருக்கும் ஊருக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் தொலைவுதான் இருக்க வேண்டும். அது சரியே. சமவெளியில் ஓர் ஊரின் தேவாலயக் கோபுரம் மறைவதற்கு முன்னரே அடுத்த ஊரின் கோபுரம் தென்படுவதை அங்குப் பயணம் செய்வோர் காணலாம். ஒவ்வோர் ஊரையும் அதன் அண்டை ஊர்களோடு இணைக்கும் சாலைகள் சிலந்தி வலை போல் பின்னிக் கிடக்கின்றன. பெரிய சாலை ஒன்றை விட்டு விலக விரும்பினால், அதற்கு மாற்றாக இரண்டு மூன்று சிறுசாலைகள் எப்பொழுதும் கிடைக்கும்.

ஆண்டுக்கு மூன்று நாள் உழைப்பு

இவ்வலையைப் பின்னியவர் யாவர்? அரசர்களும் படைத்தலைவர்களும் அல்லர். அவர்கள் அமைத்தவை பெரும்பாலும் நீண்டு நேராகச் செல்லும் பெருவழிகளே. சிறுசாலைகள் ஊர்மக்களின் உழைப்பால் உருவானவை.

1836ஆம் ஆண்டு மே திங்கள் 21ஆம் நாள் பிரான்சில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஊர்ச்சாலைகளை அமைத்துப் பேணுவது ஊராட்சிகளின் கட்டாயக் கடமை என அச்சட்டம் கூறியது. அதற்குப் பணம் போதாத ஊர்களில் மக்களின் உழைப்பைக் கேட்கலாம் என்றும் அது விதித்தது. வரி செலுத்தும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தமக்காகவும், தம் வீட்டிலுள்ள 18 முதல் 60 வயது வரையிலான உடல் நலமுள்ள ஆடவர்களுக்காகவும், தம் வண்டிகளுக்காகவும் வண்டி இழுக்கும் மாடு குதிரைகளுக்காகவும் ஆண்டுக்கு மூன்று நாள் வரை உழைப்பைத் தர வேண்டியிருந்தது. உழைக்க இயலாதவர் அதற்கு ஈடாகப் பணம் செலுத்தலாம். வேலையை மேற்பார்வையிட மாவட்டந்தோறும் சாலை அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர்.

கல் உடைத்தவர், கூடையில் சுமந்தவர், வண்டியில் ஏற்றி வந்தவர் எல்லாரும் அவ்வூர் உழவர்களே. தம் தானியம் சந்தைக்குப் போக வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், மருத்துவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக அமைந்த சாலைகள் அவை. ஆகவே அவை விரைவை நோக்கி அமையவில்லை. மேட்டைக் குடையாமல் சுற்றிச் செல்லும்; வயலின் ஓரத்தை ஒட்டி வளையும்; ஆற்றைக் குறுகிய இடத்தில் கடக்கும். இருபதாம் நூற்றாண்டில் அவற்றின் மேல் தார் இட்டனர். ஆயினும் வழி பழைய வழியே. கார் ஓட்டுநர் வேண்டாம் என்று ஒதுக்கும் அந்த வளைவே மிதிவண்டிக்காரருக்குக் காவலாக அமைந்திருக்கிறது.

அமைதிக்கும் ஒரு விலை உண்டு

சாலைகள் அமைதியாக இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது மகிழ்ச்சி தருவதன்று. எனினும் அதைக் கூறாமல் விடுவது முறையாகாது. அச்சாலைகளை அமைத்த மக்களின் வழித்தோன்றல்களில் பலர் இன்று அவ்வூர்களில் இல்லை.

நாட்டின் தெற்குப் பகுதியில் லோசேர் என்னும் மலை மாவட்டம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கு 1,40,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 76,000 பேரே. மாவட்டத்தின் பரப்போ 5,167 சதுர கிலோமீட்டர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 15 பேர். ஐரோப்பியப் பிரான்சின் மாவட்டங்களுள் மக்கள்தொகை மிகக் குறைந்தது இதுவேயாகும். வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி நாட்டின் குறுக்கே இவ்வாறு மக்கள் குறைந்த பகுதிகள் ஒரு பட்டை போல் தொடர்கின்றன. அதனை 'வெறுமையின் குறுக்குக் கோடு' என்று அந்நாட்டார் அழைப்பர்.

மக்கள் ஏன் வெளியேறினர்? தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் நகரங்களில் கூலி தந்தன. உழவுக்கு இயந்திரங்கள் வந்தபின் பத்துப் பேர் செய்த வேலையை ஒருவரே செய்தார். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களைப் பலி கொண்டது. சிற்றூர்கள் ஏறக்குறைய அனைத்திலும் அப்போரில் மாண்டோரின் பெயர் பொறித்த நினைவுக் கல் ஒன்று நிற்கிறது. சில ஊர்களில் இன்று வாழும் மக்களின் தொகைக்கு, அக்கல்லில் உள்ள பெயர்கள் மிகுதியாகத் தோன்றும். மிதிவண்டியை நிறுத்தி அப்பெயர்களைப் படிப்போர், தாம் துய்க்கும் அமைதி எங்கிருந்து வந்தது என்பதை உணர்வர்.

மாணவர் குறைந்தமையால் பல ஊர்களில் பள்ளிகள் மூடப்பட்டன. வேறு சில இடங்களில் இரண்டு மூன்று ஊர்கள் ஒன்று கூடி, கீழ் வகுப்புகளை ஓர் ஊரிலும் மேல் வகுப்புகளை மற்றோர் ஊரிலும் வைத்துப் பள்ளியைக் காப்பாற்றி வருகின்றன. காலையில் ஊர்களுக்கு இடையே பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்தும் அந்தச் சிறுசாலையிலேயே ஓடுகிறது. தோட்டத்து மக்கள் நகரம் நோக்கிச் சென்றதையும், அதனால் பள்ளியின் வருகைப் பதிவேடு மெலிந்ததையும் கண்டவர்கள் நாம். நமக்கு இது புரியாத செய்தியன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் குறைந்தாலும் அங்குச் சாலையைக் கைவிடவில்லை. குழி விழுந்தால் அடைக்கின்றனர். பனி பெய்தால் அகற்றுகின்றனர். ஊரை விட்டுப் போனவர் திரும்பி வரவும், புதியவர் வந்து குடியேறவும், வழிப்போக்கர் வந்து ஒரு ரொட்டி வாங்கவும் சாலை இருந்தால்தானே முடியும்?

படத்தைப் படிக்கும் கலை

இத்தனை சாலைகளுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இங்குதான் சாலைப் படம் உதவிக்கு வருகிறது. அந்நாட்டில் பெயர் பெற்ற சாலைப் படங்களை வெளியிட்டு வருவது மிச்செலின் என்னும் டயர் நிறுவனமாகும். டயர் செய்வோருக்குப் படத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். மக்கள் எவ்வளவு பயணம் செய்கின்றனரோ, அவ்வளவு டயர் தேயும், அவ்வளவு விற்கும். இதுவே காரணம்.

காற்றடைத்த டயரை மிதிவண்டியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் டன்லப் ஆவார். ஆண்டு 1888. கழற்றி மாட்டுவதற்கு எளிதான டயரை 1891ஆம் ஆண்டில் மிச்செலின் உடன்பிறப்புகள் செய்தனர். அவ்வாண்டு நடந்த பாரிசு - பிரெஸ்ட் - பாரிசு என்னும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த டயரைப் பூட்டிச் சென்ற சார்ல் தெரோன் வெற்றி பெற்றார். இவ்வாறு டயரின் தேவை பெருகப் பெருக உலகெங்கும் ரப்பருக்கு விலை ஏறிற்று. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த சில கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் வளர்ந்த கதையை நாம் அறிவோம். விடியலுக்கு முன் எழுந்து பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார்களின் உழைப்பு, உலகத்தின் சாலைகளில் உருண்ட சக்கரங்களுக்கு அடியில் இருந்தது. இதை நம் பிள்ளைகள் மறத்தலாகாது.

மிச்செலின் நிறுவனம் 1910ஆம் ஆண்டு முதல் பிரான்சின் சாலைப் படத்தைத் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கியது. அதன் அளவுத்திட்டம் 1:2,00,000. அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் இரண்டு கிலோமீட்டர். அப்படத்தில் முதன்மைச் சாலைகள் சிவப்பு நிறத்திலும், அடுத்த நிலையிலுள்ளவை மஞ்சள் நிறத்திலும், சிறுசாலைகள் வெள்ளை நிறத்திலும் காட்டப்படுகின்றன. சாலையின் ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் அது கண்ணுக்கு இனிய வழி என்பது பொருள். மிதிவண்டிப் பயணிகளின் விதி எளியது: சிவப்பைத் தவிர், மஞ்சளை அளவாகக் கொள், வெள்ளையைத் தேடு.

படத்தில் சாலையின் மேல் அம்புமுனை போன்ற சிறு குறிகளும் காணப்படும். அவை மேட்டின் செங்குத்தைக் காட்டுவன. ஒரு குறி இருந்தால் ஏற்றம் 5 முதல் 9 விழுக்காடு. இரண்டு இருந்தால் 9 முதல் 13 விழுக்காடு. மூன்று இருந்தால் அதற்கும் மேல். 9 விழுக்காடு ஏற்றம் என்பது நூறு மீட்டர் தொலைவு செல்வதற்குள் ஒன்பது மீட்டர் உயர்வதாகும். இக்காலத்தில் கைப்பேசியும் வழி காட்டுகிறது. எனினும் கைப்பேசி பெரும்பாலும் விரைவான வழியைக் காட்டும். நல்ல வழியைத் தேர்வதற்கு மனிதனே படத்தை விரித்துப் பார்த்தல் நன்று.

இரயில் போன வழியும் படகு போன வழியும்

கார் அறவே செல்லாத வழிகளும் அந்நாட்டில் உண்டு. முற்காலத்தில் சிற்றூர்களுக்கும் இரயில் ஓடியது. பின்னர் பேருந்தும் காரும் பெருகவே அவ்வழித்தடங்கள் பல மூடப்பட்டன. தண்டவாளங்களை அகற்றிய பின் எஞ்சிய பாதையை மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் உரிய வழியாக மாற்றினர். இதற்குப் 'பசுமை வழி' என்று பெயர். பர்கண்டிப் பகுதியில் ழிவ்ரி என்னும் ஊரிலிருந்து குளூனி என்னும் ஊர் வரை 44 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1997ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதுவே அந்நாட்டின் முதற் பசுமை வழியாகும். 2004ஆம் ஆண்டில் சாலை விதித் தொகுப்பிலும் பசுமை வழிக்கு இடம் கிடைத்தது.

ழிவ்ரியிலிருந்து புறப்படுவோர் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி புக்ஸி என்னும் ஊரை அடைவர். பின்னர் கோர்மத்தேன் என்னும் ஊரின் பழைய மாளிகையைக் கண்டு, 910ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட துறவியர் மடத்தால் புகழ் பெற்ற குளூனியை அடைவர். பழைய இரயில் நிலையக் கட்டடங்கள் இன்றும் வழியில் நிற்கின்றன. இரயில் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆதலால் அப்பாதையின் ஏற்றம் மிக மெதுவானது. சிறு பிள்ளைகளும் முதியோரும் அயர்வின்றிச் செல்லலாம். குளூனிக்குத் தெற்கே அப்பாதை ஏறத்தாழ 1,600 மீட்டர் நீளமுள்ள ஒரு குகை வழியினுள் புகுகிறது. குளிர்காலத்தில் அக்குகை வழியை மூடி விடுகின்றனர். ஏனெனில் அதனுள் வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்கின்றன. மனிதர் மேலே உள்ள சாலையால் சுற்றிச் செல்ல வேண்டியதுதான்.

கால்வாய்க் கரைகளும் இவ்வாறே பயன்படுகின்றன. தெற்கே தூலூசு நகரிலிருந்து மத்தியதரைக் கடலை ஒட்டிய தோ என்னும் காயல் வரை 240 கிலோமீட்டர் ஓடும் கால்வாயின் பெயர் 'மிதி கால்வாய்'. மிதிவண்டிக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு மொழியில் 'மிதி' என்றால் தெற்குத் திசை. பியேர் போல் ரிக்கே என்பாரின் முயற்சியால் 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்டது அது. அக்காலத்தில் கரையில் நடந்து சென்ற குதிரைகள் கயிற்றால் படகை இழுத்தன. குதிரை நடந்த கரையில் இன்று மிதிவண்டி ஓடுகிறது. தூலூசை அடுத்த பகுதி தார் இட்டது. அதற்கு அப்பால் மண் பாதையும் மர வேர்களும் எதிர்ப்படும் இடங்கள் உண்டு. கரையில் வரிசையாக நின்று நிழல் தந்த மரங்களில் ஒரு பூஞ்சண நோய் இருப்பது 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதன்பின் பல்லாயிரம் மரங்களை வெட்டி, நோயைத் தாங்கும் புதிய கன்றுகளை நட்டு வருகின்றனர்.

மேட்டை வெல்லும் பற்சக்கரம்

லோசேர் போன்ற மலை மாவட்டங்களில் சிறுசாலை என்றாலே ஏற்றம் என்று பொருள். எடுத்துக்காட்டாக, தார்ன் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கிலுள்ள சேந்த் எனிமி என்னும் ஊரிலிருந்து டி 986 எண்ணுள்ள சாலை, மெழான் என்னும் சுண்ணாம்புக் கல் மேட்டுநிலத்திற்கு ஏறுகிறது. மேலே ஏறிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, ஆட்டு மந்தைகள், இடையிடையே கல்வீடுகள். காட்டுக் குதிரை இனமான பிரெஸ்வால்ஸ்கிக் குதிரைகளை அழிவிலிருந்து காக்கும் பொருட்டு 1993 முதல் அம்மேட்டுநிலத்தில் வளர்த்து வருகின்றனர்.

இத்தகைய மேடுகளை எளிய மனிதர் மிதித்து ஏறலாம் என்பதை நாட்டுக்கு எடுத்துக் கூறியவர் போல் தெ விவி. இவர் 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர். சேந்த் எத்தியேன் நகரில் பட்டு வணிகம் செய்தவர். 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். 1887ஆம் ஆண்டில் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். ஒரே வண்டியில் பல அளவுப் பற்சக்கரங்களை வைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவ்விதழில் ஓயாது எழுதி வந்தார். பந்தயக்காரர் பலர் அதை ஏளனம் செய்தனர். டூர் டி பிரான்சுப் பந்தயத்தில் சங்கிலியை மாற்றும் கருவிக்கு 1937ஆம் ஆண்டில்தான் இசைவு கிடைத்தது.

இதன் கணக்கை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மிதி பொருத்தப்பட்ட முன்சக்கரத்தில் 48 பற்களும், பின்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு முறை மிதித்துச் சுற்றினால் வண்டியின் பின்னுருளை மூன்று முறை சுழலும். உருளையின் சுற்றளவு 2.1 மீட்டர் எனின், வண்டி 6.3 மீட்டர் முன்னேறும். இது சமதரைக்கு ஏற்றது. முன்னும் பின்னும் 28 பற்கள் உள்ள சக்கரங்களுக்குச் சங்கிலியை மாற்றினால், ஒரு சுற்றுக்கு வண்டி 2.1 மீட்டரே செல்லும். தூரம் மூன்றில் ஒரு பங்கு. மிதிப்பதற்கு வேண்டிய விசையும் மூன்றில் ஒரு பங்கு. மெதுவாகச் செல்பவரே மேட்டை வெல்கிறார்.

பயணிகளுக்கு அவர் கூறிய அறிவுரைகளின் சாரம் இதுதான்: பசிக்கும் முன் உண்ண வேண்டும், தாகம் எடுக்கும் முன் பருக வேண்டும், பசியும் உறக்கமும் கெடும் அளவுக்குக் களைக்கக் கூடாது, பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக ஒருபோதும் மிதிக்கக் கூடாது. பாடம் படிப்பதற்கும் இவை பொருந்தும் எனக் கருதுகிறோம்.

சாலை ஒழுக்கம்

பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும். நம் நாட்டிலிருந்து செல்வோர் இதைக் கணமும் மறக்கலாகாது. குறிப்பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. அது சிறு சந்திலிருந்து வந்தாலும் நின்று வழிவிட வேண்டும். ஊருக்கு வெளியே மிதிவண்டியைக் கடந்து செல்லும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும். ஊருக்குள் ஒரு மீட்டர். நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் வேக வரம்பு 2018 சூலையில் மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2019 இறுதியில் வந்த சட்டம், மாவட்டங்கள் விரும்பினால் தம் சாலைகளில் மீண்டும் 90 ஆக உயர்த்திக்கொள்ள இடமளித்தது. சில மாவட்டங்கள் அவ்வாறே செய்தன.

மிதிவண்டிக்காரருக்கும் கடமைகள் உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தலைக்கவசம் அணிவது 2017 மார்ச்சு முதல் கட்டாயம். இரவிலும், பகலில் பார்வை மங்கிய வேளையிலும், ஊருக்கு வெளியே செல்வோர் ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டை அணிய வேண்டும்.

காலமும் அறிந்து புறப்பட வேண்டும். சூலை, ஆகஸ்டு மாதங்களில் தார்ன் பள்ளத்தாக்கு போன்ற புகழ் பெற்ற இடங்களில் கார்கள் நெருக்கும். மே, சூன், செப்டம்பர் மாதங்களே உகந்தவை. நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை அந்நாட்டார் உணவுக்கு அமர்ந்துவிடுவர். அவ்வேளையில் சாலையில் அமைதி. ஆனால் கடைகளும் மூடியிருக்கும். ஆகவே ரொட்டியைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வர். கடையே இல்லாத ஊர்களும் உண்டு. தண்ணீர் தீர்ந்துவிட்டால், அனுபவமுள்ள பயணிகள் ஊரின் இடுகாட்டைத் தேடிச் செல்வர். கல்லறையில் வைத்த பூச்செடிகளுக்கு நீர் ஊற்ற அங்குக் குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்ற பலகை இல்லையா என்று பார்த்து, குடுவையை நிரப்பிக்கொண்டு, வாயிற்கதவை ஓசையின்றிச் சாத்திவிட்டுச் செல்வது மரபு.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

மேற்கூறியவற்றால் ஒரு செய்தி விளங்கும். அமைதியான சாலை தானாக அமைவதன்று. ஊர்மக்கள் கல் சுமந்தனர். சட்டம் அதற்கு ஒழுங்கு தந்தது. படம் வரைந்தோர் அதை ஒரு வெள்ளைக் கோடாகவேனும் பதிவு செய்தனர். ஊராட்சி இன்றும் குழியை அடைக்கிறது. பெரிய வண்டி சிறிய வண்டிக்கு ஒன்றரை மீட்டர் இடம் விடுகிறது. இவற்றுள் ஒன்று தவறினாலும் சாலை, பிள்ளைகள் அஞ்சும் இடமாகிவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள வழியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். லாரி மிகுந்த பகுதிக்குச் சிவப்பு நிறமும், ஓரளவு வண்டி செல்லும் பகுதிக்கு மஞ்சள் நிறமும் தீட்டுங்கள். அமைதியான பகுதியை வெள்ளையாக விடுங்கள். சிவப்பைத் தவிர்க்க வேறு வழி உண்டா என்று தேடுங்கள். பெற்றோர்களே, அப்படத்தைப் பிள்ளையோடு அமர்ந்து ஒரு முறை பாருங்கள். எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு வரவேண்டும், எங்கே இருவர் இணையாக வரக் கூடாது என்று கூறுங்கள். தோட்டத்துச் சாலையில் லாரியும் டிராக்டரும் ஓட்டும் அன்பர்களே, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வேகத்தைக் குறைத்து, மிதிவண்டிக்கு இடம் விட்டுச் செல்லுங்கள். அதற்குச் சட்டமும் வேண்டாம்; செலவும் இல்லை.

பிள்ளைகள் அச்சமின்றி மிதித்து வரும் சாலை உள்ள ஊரில் பள்ளியும் நிலைக்கும். பள்ளி நிலைத்த ஊரில் மக்களும் நிலைப்பர்.